கடலில் வழி கணித்த கவிஞர்

கடலைப் பாடாத கவிஞர் உலகில் குறைவு. கரையில் நின்று அலைகளைக் கண்டு பாடியவர்கள் உண்டு. கப்பலிலே பிரயாணியாக அமர்ந்து, நிலவொளியில் நீர்ப்பரப்பைப் பார்த்துப் பாடியவர்களும் உண்டு. ஆனால், நடுக்கடலில் தம் கப்பல் இந்த நிமிஷத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே போய்ச் சேரும் என்று கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பைத் தொழிலாகவே ஏற்றுக்கொண்டு, அந்தத் தொழிலின் நடுவிலே கவிதையும் எழுதியவர்கள் மிகச் சிலரே ஆவர். அத்தகைய ஒருவரைப் பற்றியே நேயர்களுக்கு இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் அலெக்ஸி லெபெதேவ். ருஷ்ய தேசத்தவர். 1912-ம் வருஷத்தில் பிறந்து, 1941-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், இருபத்தொன்பது வயதில், பின்லாந்து வளைகுடாவின் குளிர்ந்த நீரிலே மறைந்தார். உயிரோடிருந்த காலத்தில் அவர் வெளியிட்ட கவிதைத் தொகுதிகள் இரண்டே இரண்டு. இரண்டு சிறு நூல்களை எழுதிவிட்டு இளமையிலே மாண்ட அந்நிய நாட்டுக் கவிஞர் ஒருவரைப் பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கலாம். எழுதுகிறவன், தான் எழுதியதற்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளி என்ற கேள்வி ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதன்று. லெபெதேவின் வாழ்க்கை அக்கேள்விக்கு ஒரு விடை. அந்த விடையை நாம் ஒப்புக்கொள்ளலாம், ஒப்புக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

கடல் காணாத ஊர்

லெபெதேவ் பிறந்த ஊர் ஸுஜ்தால். ருஷ்யாவின் மத்தியப் பிரதேசத்தில், கமென்கா என்ற சிற்றாற்றின் கரையில் அமைந்த மிகப் பழைய நகரம் அது. பழைய கோட்டையும், மடங்களும், எண்ணற்ற தேவாலயங்களும் அதன் பெருமை. கடலோ அங்கிருந்து பல நூறு மைல் தூரம். பிறகு அவருடைய குடும்பம் இவானவோ நகரத்தில் குடியேறிற்று. அது நூற்பு ஆலைகளும் நெசவு ஆலைகளும் நிறைந்த ஊர். 'ருஷ்யாவின் மான்செஸ்டர்' என்றே அதை அழைப்பார்கள். அங்கும் கடல் இல்லை. ஆலைப் புகைபோக்கிகளே உண்டு.

இப்படிப்பட்ட ஊர்களில் வளர்ந்த சிறுவனுக்குக் கடல் முதன் முதலில் புஸ்தகங்களின் வழியாகவே வந்திருக்க வேண்டும். புஸ்தகத்தில் கண்ட கடலோடு அவன் திருப்தியடையவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் வடக்கே வெகு தூரத்திலுள்ள மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்குச் சென்றான். மூர்மான்ஸ்க் வட துருவ வட்டத்துக்கும் அப்பால் உள்ள ஊர். ஆயினும் அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் வெந்நீரோட்டத்தின் காரணமாக, மாரிக் காலத்திலும் அத்துறைமுகம் உறைவதில்லை. அங்கே மீன்பிடி கப்பல்களிலும் சரக்குக் கப்பல்களிலும் அவர் வேலை செய்தார்.

வட கடலில் மீன் பிடிப்பது விளையாட்டன்று. தெறிக்கும் நீர் கயிற்றிலும் பாய்மரத்திலும் பட்ட மாத்திரத்தில் பனிக்கட்டியாக உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை உடனுக்குடன் உடைத்துத் தள்ளாவிட்டால், மேற்பாரம் மிகுந்து கப்பலே கவிழ்ந்து போகும். கவிதையில் வரும் கடலுக்கும் கையில் படும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இளைஞர் அங்கேதான் கற்றார். அவருடைய பிற்காலக் கவிதைகளில் வெறும் அலங்காரச் சொற்கள் குறைவாக இருப்பதற்கும், கயிறு, துரு, நிலக்கரி, விளக்கு, கடற்படம் முதலிய பொருள்கள் தத்தம் சொந்தப் பெயரோடு வந்து நிற்பதற்கும் இந்தப் பயிற்சியே மூல காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

திசைகாட்டி மண்டபம்

1933-ம் வருஷத்தில் லெபெதேவ் கடற்படைச் சேவைக்கு அழைக்கப்பட்டு க்ரோன்ஷ்டாட்டுக்கு வந்தார். பின்லாந்து வளைகுடாவின் கிழக்குக் கோடியில், கோத்லின் என்ற தீவின் மீது மகா பீட்டர் சக்கரவர்த்தி அமைத்த கடற்கோட்டை அது. பால்டிக் கப்பற்படைக்கு அதுவே தாய்வீடு. அங்கே அவர் ரேடியோத் தொழிலைக் கற்றுச் சேவை செய்தார். அந்நகரத்தின் கல் பாவிய வீதிகளும், துறைமுகச் சுவர்களும், மாலுமிகளின் விடுதிகளும் அவர் கவிதைக்குள்ளே புகுந்தன.

மூன்று வருஷத்துக்குப் பின், 1936-ல், லெனின்கிராடு நகரத்திலிருந்த புரூன்ஸே உயர்தரக் கடற்படைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். லெனின்கிராடு இன்று தன் பழைய பெயராகிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்பதையே மீண்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கலாசாலையும் இப்போது மகா பீட்டரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1701-ல் மாஸ்கோவில் பீட்டர் ஸ்தாபித்த கணிதப் பாடசாலையிலிருந்து தன் பரம்பரையைச் சொல்லிக்கொள்ளும் ஸ்தாபனம் அது.

இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு விசேஷத்தைக் குறிப்பிட வேண்டும். யுத்தக் கப்பலுக்கு அதிகாரிகளைத் தயார் செய்வதே அதன் வேலை. ஆனால் ருஷ்யக் கலைஞர் பலருக்கும் அதுவே கல்விக்கூடமாக இருந்திருக்கிறது. ருஷ்ய பாஷைக்குப் பேரகராதி தொகுத்த விளாதிமிர் தால் 1819-ல் இதன் முன்னோடியாகிய கடற்படைப் பள்ளியில் தேறியவர். உலகப் பிரசித்தி பெற்ற சங்கீத மேதை ரிம்ஸ்கி-கோர்ஸகாவ் 1862-ல் தேறியவர். அவர் இயற்றிய 'ஸாத்கோ' என்ற இசை நாடகத்தில் இந்திய வர்த்தகன் ஒருவன் பாடும் பாட்டு உலகமெங்கும் பிரபலம். நமது நாட்டுக்கு வந்து, இந்நாட்டுக் காட்சிகளைச் சித்திரமாகத் தீட்டிய வெரெஷ்சாகின் என்ற ஓவியரும் அங்கே படித்தவரே. யுத்தத்தின் கொடுமையை உள்ளபடியே தீட்டிக் காட்டிய அந்த மகான், 1904-ல் ஜப்பானியரோடு நடந்த யுத்தத்தின் போது, போர்ட் ஆர்தர் அருகே கண்ணி வெடியில் சிக்கிய யுத்தக் கப்பலோடு மூழ்கி மாண்டார்.

இந்தக் கலாசாலையின் உள்ளே ஒரு பெரிய மண்டபம் இருக்கிறது. திசைகாட்டி மண்டபம் என்று அதற்குப் பெயர். மாபெரும் திசைகாட்டி ஒன்று, பல நிற மரத்துண்டுகளை இழைத்து, தரையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். லெபெதேவின் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று இந்த மண்டபத்தைப் பற்றியதுதான். மாணவராக இருந்தபோதே அவருடைய கவிதைகள் கடற்படைப் பத்திரிகைகளில் வெளியாகி வந்தன. 1939-ல் 'க்ரோன்ஷ்டாட்' என்ற முதல் தொகுதியும், 1940-ல் 'கடலின் கீதங்கள்' என்று பொருள்படும் இரண்டாவது தொகுதியும் வெளிவந்தன.

பேனாவா, கப்பலா?

அக்காலத்து சோவியத் நாட்டில் கப்பற்படைக்குத் தனியே தினசரிப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இருந்தன. மாலுமிகளுக்கு உத்தரவுகளையும் செய்திகளையும் அறிவிப்பதோடு, கதைகளையும் கவிதைகளையும் அவை வெளியிட்டன. எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே உத்தியோகம் உண்டு, மதிப்பும் உண்டு. இரண்டு நூல்கள் வெளியிட்ட லெபெதேவுக்கு அந்த வழி அடைபட்டதாக இருந்திருக்க முடியாது. ஆனால் 1940-ல் பள்ளியில் தேறியதும், அவர் சென்று சேர்ந்த இடம் பத்திரிகாலயம் அன்று, நீர்மூழ்கிக் கப்பல். 'எல்-2' என்ற கப்பலிலே வழி கணிக்கும் அதிகாரியாக அவர் அமர்ந்தார்.

பத்திரிகை வேலை பத்திரமான வேலை என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. லெபெதேவின் சமகாலத்தவர் யூரி இங்கே என்ற கவிஞர். 1905-ல் பிறந்து, ரப்பர்த் தொழிற்சாலையில் கூலி வேலை செய்து, பிறகு எழுத்தாளராகி, பால்டிக் கப்பற்படையின் பத்திரிகையிலே பணியாற்றியவர். ஜர்மானியர் 1941-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி சோவியத் நாட்டின் மீது படையெடுத்தனர். ஆகஸ்டு மாதத்தில், எஸ்தோனியாவின் தலைநகராகிய தாலின் துறைமுகத்தைக் கைவிட்டு, கப்பற்படை க்ரோன்ஷ்டாட்டை நோக்கிப் புறப்பட்டது. யுத்தக் கப்பல்களும் சரக்குக் கப்பல்களுமாக இருநூறுக்கு மேல் இருந்தன. வழியில் யுமிந்தா முனைக்கு அப்பால் ஜர்மானியரும் பின்லாந்துக்காரரும் கடலில் கண்ணி வெடிகளை நெருக்கமாக விதைத்திருந்தார்கள். ஆகாயத்திலிருந்து விமானங்களும் தாக்கின. ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ஆகஸ்டு 28-ந் தேதி மூழ்கிய ஒரு பனி உடைக்கும் கப்பலில் யூரி இங்கேயும் இருந்தார். பேனா பிடித்தவரையும் கடல் விட்டுவைக்கவில்லை.

ஆகவே, லெபெதேவ் ஆபத்தை நாடிச் சென்றார், மற்றவர்கள் ஆபத்துக்கு ஒதுங்கி நின்றார்கள் என்று கூறுவது நியாயமாகாது. வேற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. பத்திரிகைக் கவிஞர் பிறர் செய்கிற காரியத்தைப் பார்த்து எழுதுகிறார். லெபெதேவோ தாம் செய்கிற காரியத்தையே எழுத விரும்பினார்.

நீருக்கடியில் ஒரு கணக்கு

அந்தக் காரியம் எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவது நலம். நீரின் மேலே செல்லும் கப்பலுக்குச் சூரியன் உண்டு, நட்சத்திரங்கள் உண்டு, கரையிலே கலங்கரை விளக்கம் உண்டு. அவற்றைப் பார்த்துத் தான் இருக்குமிடத்தை அது தெரிந்துகொள்ளும். மூழ்கிச் செல்லும் கப்பலுக்கோ இவை ஒன்றும் இல்லை. எந்தத் திசையில் செல்கிறோம், எவ்வளவு வேகத்தில் செல்கிறோம், எவ்வளவு நேரமாகச் செல்கிறோம் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, கடற்படத்தின் மீது பென்ஸிலால் கோடு இழுத்து, 'நாம் இங்கே இருக்கிறோம்' என்று அதிகாரி புள்ளியிட வேண்டும். மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் ஆறு மணி நேரம் சென்றால் இருபத்து நான்கு மைல் என்பது குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் நீரோட்டம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. திசைகாட்டியில் ஒரே ஒரு பாகை பிழை இருந்தால்கூட, அறுபது மைல் செல்வதற்குள் கப்பல் ஒரு மைல் விலகிவிடும்.

பரந்த சமுத்திரத்தில் ஒரு மைல் பெரிய விஷயமன்று. பின்லாந்து வளைகுடாவில் அதுவே உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள தூரம். அந்த வளைகுடா குறுகலானது; ஆழமும் அதிகமில்லை. 1941-ல் அதன் நீருக்குள்ளே ஆயிரக்கணக்கான கண்ணி வெடிகள் மறைந்திருந்தன. அடியிலுள்ள பாரத்தோடு இரும்புக் கயிற்றால் பிணைக்கப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதக்கும் இரும்பு உருண்டைகள் அவை. அவற்றின் மேலுள்ள கொம்புகளில் ஒன்றைக் கப்பல் தொட்டால் போதும், வெடித்துவிடும். கண்ணி அகற்றும் கப்பல்கள் முன்னே சென்று ஒரு குறுகிய பாதையைச் சுத்தம் செய்து கொடுக்கும். அந்தப் பாதையை விட்டு விலகாமல் இருப்பதே பின்னே வருகிற கப்பலின் அதிகாரிக்குரிய வேலை.

இந்தக் கணக்கைச் செய்யும் மனிதர் கவிஞராகவும் இருந்தால், அவருடைய கவிதையில் பொய்க்கு இடமேது? சொல் ஒவ்வொன்றும் கடற்படத்தில் இட்ட புள்ளியைப்போல இருக்க வேண்டியதாயிற்று. யுத்தம் ஆரம்பித்த பிறகு, தம் அன்புக்குரியவளை விளித்து லெபெதேவ் ஒரு பிரிவுக் கவிதை எழுதினார். க்ரோன்ஷ்டாட்டில் விடைபெறும் காட்சி அது. திரும்பி வராமற்போகலாம் என்பதை அவர் அதில் மறைக்கவில்லை; அதற்காகப் புலம்பவும் இல்லை.

நியாயமும் அநியாயமும்

இங்கே ஒரு விஷயத்தை நாம் மூடி வைப்பது சரியன்று. 1939-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி சோவியத் நாடு தன்னைவிட எவ்வளவோ சிறிய பின்லாந்தின் மீது படையெடுத்தது. அதற்காகச் சர்வதேச சங்கத்திலிருந்து அந்நாடு டிசம்பர் மாதத்தில் விலக்கப்பட்டது. பள்ளி மாணவராக இருந்த லெபெதேவும் அந்த யுத்தத்தில் கப்பற்படையோடு பங்கு கொண்டார். 1940 மார்ச்சில் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கையின்படி, ஹாங்கோ என்ற பின்லாந்துத் தீபகற்பத்தைச் சோவியத் நாடு முப்பது வருஷக் குத்தகைக்கு வாங்கிக்கொண்டு, அங்கே படையை நிறுத்தியது. அந்நியர் படை தன் மண்ணில் நிற்பது ஒரு தேசத்துக்கு எவ்வளவு கசப்பானது என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தன் எழுத்தாளர்களிடத்திலும் அந்த ராஜாங்கம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. கடற்படைப் பள்ளியில் படித்து, உள்நாட்டு யுத்தத்தின்போது அஸோவ் கடலில் பீரங்கிப் படகுகளுக்குத் தலைமை வகித்து, பின்பு கவிதையும் கதையும் எழுதிப் பெயர் பெற்றவர் செர்கேய் கல்பாஸியேவ். 1937-ல் அவர் கைது செய்யப்பட்டார்; திரும்பவே இல்லை. அவர் மீது குற்றமில்லை என்று ராஜாங்கம் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது. ஒரே பள்ளியின் கவிஞர்களில் ஒருவரைப் பகைவரின் கண்ணி வெடி கொன்றது. மற்றொருவரைச் சொந்த அரசாங்கமே கொண்டு போயிற்று. லெபெதேவின் வீரத்தைப் பாராட்டும்போது, அவர் எந்த ராஜாங்கத்தின் கீழ் சேவை செய்தார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு மனிதனுடைய நேர்மை, அவனுடைய அரசாங்கத்தின் நேர்மைக்குச் சாட்சியாகிவிடாது. அரசாங்கத்தின் குற்றம், அந்த மனிதனுடைய நேர்மையை அழித்துவிடவும் மாட்டாது.

கடைசிப் பிரயாணம்

1941 செப்டம்பர் 8-ந் தேதியோடு லெனின்கிராடு நகரம் தரை வழியாக முற்றும் சூழப்பட்டது. நகரத்தில் பஞ்சம் தலைகாட்டிற்று. ஹாங்கோவிலே சிக்கிக்கொண்ட சோவியத் படையினர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களைக் கடல் வழியாக மீட்டு, முற்றுகையிடப்பட்ட நகரத்தின் பாதுகாப்புக்குக் கொண்டுவருவதென்று தீர்மானித்தார்கள். அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் 2-ந் தேதி வரையில், கண்ணி வெடிகளின் நடுவே, மாரிக் காலத்து நீண்ட இரவுகளில், கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்தன.

நவம்பர் 13-ந் தேதி இரவு அத்தகைய ஒரு கூட்டத்தோடு 'எல்-2' கப்பலும் சென்றது. ஆனால் அதற்கு இட்ட வேலை வேறு. மற்றக் கப்பல்களோடு ஹாங்கோ வரையில் சென்று, பிறகு பிரிந்து, தெற்கே டான்ஸிக் வளைகுடாவில் பகைவருடைய பாதையில் கண்ணி வெடிகளை வைத்துவிட்டு வரவேண்டும். அந்த ரகக் கப்பல்கள் அதற்கென்றே கட்டப்பட்டவை. இருபது கண்ணி வெடிகளைச் சுமந்து செல்லக் கூடியவை.

14-ந் தேதி அதிகாலை இருளில், எஸ்தோனியாவைச் சேர்ந்த கேரி என்ற சிறு தீவுக்கு அருகே, 'எல்-2' கண்ணி வெடிகளில் சிக்கி மூழ்கிற்று. கண்ணி வைக்கச் சென்ற கப்பல் கண்ணியாலேயே அழிந்தது. அதே இரவில், அதே கூட்டத்தைச் சேர்ந்த 'கோர்தி', 'ஸுரோவி' என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்களும் கண்ணி வெடிக்குப் பலியாயின. 'எல்-2' கப்பலில் இருந்தவர்களில் உயிரோடு மீட்கப்பட்டவர் மிகச் சிலரே. அவர்களில் லெபெதேவ் இல்லை.

அவர் கணக்கில் பிழை நேர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். கண்ணி அகற்றும் கப்பல்கள் சுத்தம் செய்த பாதையே அவ்விரவுகளில் பத்திரமாக இருக்கவில்லை. மிகச் சரியாக வழி கணித்தவர்களுக்கும் அங்கே கதி அதுதான்.

எஞ்சியது

யுத்தத்துக்குப் பிறகு லெபெதேவின் கவிதைகள் பல முறை தொகுக்கப்பட்டு வெளிவந்தன. 1965-ல், யுத்தத்தில் மாண்ட சோவியத் கவிஞர்களின் பாடல்களைத் திரட்டி ஒரு பெருந்தொகுதி பிரசுரமாயிற்று. அதிலே அவருக்கும் யூரி இங்கேக்கும் இடமுண்டு. அந்தத் தொகுதியைப் புரட்டுகிறவர்களின் மனத்தில் முதலில் தைப்பது பிறப்பும் இறப்பும் குறித்த வருஷங்களே. இருபது வயதிலும், இருபத்திரண்டு வயதிலும் முடிந்துபோன வாழ்க்கைகள் அவற்றுள் பல. அவர்கள் இன்னும் என்னென்ன எழுதியிருப்பார்கள் என்பது எந்தப் பெருந்தொகுதியிலும் அடங்காத கணக்கு.

கவிஞர்கள் எல்லாரும் கப்பலேறிச் சாகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தேசத்துக்கு உயிரோடிருக்கும் கவிஞர்களும் தேவை. ஆனால் வீரத்தைப் பற்றி எழுதுகிற பேனா, தியாகத்தைப் பற்றி எழுதுகிற பேனா, ஒரு முறையாவது நின்று, 'இந்தச் சொல்லுக்குரிய விலையை நான் கொடுப்பேனா?' என்று தன்னைக் கேட்டுக்கொள்வது நன்று. பிறர் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புகிற பாட்டு எழுதுவது சுலபம். லெபெதேவ் அத்தகைய பாட்டை எழுதவில்லை. தாம் போகிற கடலைப் பற்றித்தான் எழுதினார், எழுதியபடியே போனார்.